டூயல் பூட்: இன்ஸ்டால் பண்ணுவது சுலபம், சண்டை அப்புறம்தான்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் போடுவதை இன்னும் பெரிய வித்தை மாதிரிப் பேசுகிறார்கள். இன்ஸ்டால் பண்ணுவதில் இப்போது ஒன்றுமே இல்லை. முதலில் விண்டோஸ், அடுத்து லினக்ஸ், அவ்வளவுதான். உபுண்டு, மின்ட் எல்லாம் ஏற்கெனவே விண்டோஸ் இருப்பதைத் தானே பார்த்து, அதன் பக்கத்தில் இடம் பிடித்து உட்காரட்டுமா என்று கேட்கும். தலைவலி அதற்குப் பிறகு, இரண்டும் எதையெல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றனவோ அங்கே வருகிறது.

முதல் பங்காளிச் சண்டை கடிகாரத்துக்கு. மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரியில் ஓடுகிறதே, அந்தக் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதை யுடிசி (உலகப் பொது நேரம்) ஆக எடுத்துக்கொண்டு, தன் கணக்குப்படி திருத்தியும் வைத்துவிடும். அடுத்த முறை விண்டோஸுக்குள் போனால், உங்கள் ஊர் யுடிசியிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளியிருக்கிறதோ அத்தனை மணி நேரம் தப்பாகக் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு! விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்தால் அதுவும் யுடிசிக்கு வந்துவிடும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்குவதும் ஒரே கட்டளைதான், ஆனால் அப்படிச் செய்தால் அதுவே எச்சரிக்கை காட்டும். நான் விண்டோஸைத்தான் மாற்றச் சொல்வேன்.

இன்னும் மோசமானது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விடாமல் இருப்பதே நல்லது, வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல்கள் கெடும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ஒழுங்காக அணையும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் பூட் ஆகச் சில நொடி கூடுதலாகலாம், போகட்டும்.

பார்ட்டிஷனை (டிஸ்கைப் பிரித்த பகுதி) தொடுவதற்கு முன், செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் அமைப்பு) மாற்றுவதற்கு முன், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறைய லேப்டாப்களில் கேட்காமலேயே போட்டிருக்கும். பூட் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. எழுதி வேறு இடத்தில் வையுங்கள், அதே கணினியில் அல்ல.

கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் கிரப் மெனுவில் திடீரென்று விண்டோஸ் காணாமல் போனால் பதற வேண்டாம். 2021-ல் வந்த கிரப் 2.06-லிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள், பாதுகாப்புக் காரணம். கிரப் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி மெனுவைப் புதுப்பித்தால் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு, இன்னொரு எஸ்எஸ்டி மாட்ட இடம் இருந்தால் லினக்ஸுக்கு அதைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. இன்ஸ்டால் பண்ணும்போது மட்டும் விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வையுங்கள், ஏனென்றால் சில இன்ஸ்டாலர்கள் நீங்கள் எந்த டிஸ்கைச் சொன்னாலும் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) கொண்டுபோய் முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) போட்டுவிடும். கடிகாரமும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அப்போதும் இருக்கும்தான், ஆனால் பூட் தகராறு அநேகமாகத் தீர்ந்தது. எது வேண்டுமோ அதை எஃப்12 அல்லது உங்கள் போர்டில் எந்தக் கீயோ அதை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், ஒரே டிஸ்கில் இருப்பவர்கள் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டுக் கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூவைப் பார்த்து விழிப்பார்கள் (பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் சரியாகும்). நீங்கள் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றினால் போதும்.