வெள்ளாற்றுச் சேற்று விலாங்கு: பெயர் ஏறக்குறைய உறுதி

பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் நீர் வடிந்த நேரத்தில் சேற்றைத் தோண்டினால் அகப்படும் ஒல்லியான பழுப்பு விலாங்கு எந்த இனம் என்று தேடிக்கொண்டிருந்தேன். நண்டு தோண்டும் அண்ணன் ஒருவர் உயிரோடு ஒன்றைக் கொடுத்ததில் வேலை நன்றாக முன்னேறியிருக்கிறது.

வாளியில் கை விடும் முன் பாம்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கழிமுகங்களில் நஞ்சுள்ள கடற்பாம்புகளும் திரிகின்றன. இது வெறும் சடங்கு அல்ல. கடற்பாம்புக்கு உடலெங்கும் செதில், வால் பக்கவாட்டில் தட்டை. இதற்குச் செதில் இல்லை. செவுள் துளையும் சிறிய மார்புத் துடுப்பும் தெளிவாகத் தெரிந்தன.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பார்கள். இதனிடம் மீனுக்குக் காட்ட வாலே இல்லை! முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிடுகின்றன. நுனி துடுப்பில்லாமல் கூராகவும் கெட்டியாகவும் இருக்கிறது. சேறு நிரப்பிய தட்டில் விட்டதும் வாலைச் செருகி, பின்னோக்கியே உள்ளே இறங்கிவிட்டது. ஆற்று விலாங்கான ஆங்குயில்லாவுக்குத் துடுப்பு வால் நுனியைச் சுற்றி ஓடும். ஆகவே அது இல்லை. முன் நாசித்துளை குழாயாகக் கீழ்நோக்கி நீண்டிருப்பதும் சேர்ந்து, பாம்பு விலாங்குகளின் குடும்பமான ஒஃபிக்திடே என்று முடிவானது. தாடையில் கூர்ப்பற்களுக்குப் பதில் மழுங்கிய மணிப்பற்கள் வரிசை வரிசையாக இருந்ததால் பேரினம் பிசோடோனோஃபிஸ்.

மிச்சம் இரண்டு இனங்கள். கங்கை மீன்களை ஆராய்ந்த ஹாமில்டன் 1822இல் விவரித்த போரோ ஒன்று. ரிச்சர்ட்சன் 1848இல் விவரித்த கான்கிரிவோரஸ் மற்றொன்று. முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. கான்கிரிவோரஸில் மார்புத் துடுப்புக்கு மேலேயே தொடங்கிவிடும். போரோவில் அதன் நுனியைத் தாண்டித்தான். நீருக்கு வெளியே இந்தத் துடுப்பு முதுகோடு ஒட்டிப் படுத்துவிடுவதால் தொடக்கமே தெரியாது. வெள்ளைத் தட்டில் ஆற்றுநீர் ஊற்றி, ஈரத் தூரிகையால் வாலிலிருந்து தலைநோக்கி மெல்லத் தடவினேன். துடுப்பு எழுந்து நின்றது. தொடக்கம் மார்புத் துடுப்பின் நுனிக்குப் பின்னால். மேலுதட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கான்கிரிவோரஸுக்கு நாசித்துளைகளுக்கிடையே இருக்கும் சதைத் தொங்கல்கள் இதற்கு இல்லை. போரோ என்றே குறித்துக்கொண்டேன்.

மீனைப் பிடித்த இடத்திலேயே விட்டாயிற்று. கான்கிரிவோரஸ் ஒன்று கிடைத்தால் இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களும் படம் எடுப்பதானால் தண்ணீருக்குள் வைத்து, அளவுகோலோடு, பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது.