சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலுக்கு வெளியேதான் முக்கால்வாசி வேலை: ஒரு மறுசுழற்சி நீர்த் திட்டத்தின் அனுபவம்

நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து அதே நகரத்தின் தொழிற்சாலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் திருப்பி அனுப்பும் ஒரு திட்டத்தில், வரைபடம் போட்ட நாளிலிருந்து குழாயில் தண்ணீர் ஓடியது வரை வேலை பார்த்திருக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன டெக்னாலஜி போட்டீங்க?" என்பதைத்தான். அதற்குப் பதில் சின்னது. நுண்வடிகட்டி, அடுத்து ஆர்.ஓ. (மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது), கடைசியில் கிருமிகளை அழிக்கப் புற ஊதா விளக்கு. சிங்கப்பூரின் நியூவாட்டர் நிலையங்களில் இருப்பதும் இந்த வரிசைதான். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் ஓடும் நிலையம், புற ஊதாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துக்கொள்கிறது. இதை வடிவமைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், கட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போனது வேறு இடங்களில்.

முதல் இடம், தண்ணீரை எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள். நிலையத்தின் அளவை முடிவு செய்வதற்கு முன்பே அவர்களிடம் போய் உட்கார வேண்டும் என்று எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் திட்டத்தையே காப்பாற்றியது என்பேன். பி.ஓ.டி. (நீரில் உள்ள அழுகும் கழிவின் அளவுகோல்) இவ்வளவு, கலங்கல் இவ்வளவு என்று நாங்கள் அட்டவணையை நீட்டியபோது, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார், அம்மோனியா எவ்வளவு வரும்?" என்றார். அவர்களுடைய கூலிங் டவர் நீர் பாயும் வெப்பப் பரிமாற்றிகளில் செம்புக் கலவைக் குழாய்கள். அம்மோனியா செம்பை அரித்துவிடும். பாஸ்பேட் இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து குழாய்க்குள் படியும். பாய்லர் வைத்திருந்த இன்னொருவருக்குச் சிலிக்காவைப் பற்றி மட்டும்தான் கவலை. பூங்காக்களைப் பார்ப்பவருக்கோ சோடியமும் குளோரைடும் குறைவாக இருந்தால் போதும், நைட்ரஜன் கொஞ்சம் இருப்பது செடிக்கு நல்லதுதான் என்றார். எல்லாருக்கும் ஒரே தரத்தில் தண்ணீர் என்ற எங்கள் முதல் திட்டம் அந்தக் கூட்டங்களோடு முடிந்தது. ஆர்.ஓ. நீர் தொழிற்சாலைப் பக்கமும் கட்டடங்களுக்கும், வடிகட்டிக் கிருமி நீக்கிய நீர் பூங்காக்களுக்கும் என்று பிரித்தோம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலை இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே சீராகக் கேட்கும். கழிவுநீர் அப்படி வராது. காலையிலும் மாலையிலும் பொங்கி வரும், நள்ளிரவு தாண்டினால் மெலிந்துவிடும். நடுவில் சமன்செய்யும் தொட்டி பெரிதாக இல்லையென்றால் மெம்பிரேன்கள் தினமும் நின்று நின்று ஓடும், சீக்கிரம் கெடும். செலவைக் குறைக்கச் சொல்லும்போது எல்லாருடைய கையும் முதலில் போவது இந்தத் தொட்டி மேல்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது உப்பு. ஒரு நகரம் குடிநீரைப் பயன்படுத்திச் சாக்கடைக்கு அனுப்பும்போது லிட்டருக்குச் சுமார் 200 முதல் 400 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் கூடுவது வழக்கம். நாங்கள் அளந்தது அதைவிட மிக அதிகம். இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆர்.ஓ.வை வடிவமைப்பதில் அர்த்தமில்லை. ஆகவே இரவில் மேன்ஹோல் மேன்ஹோலாகப் போய் மின்கடத்துதிறன் அளந்தோம்; நீரில் உப்பு கூடினால் இதுவும் கூடும். இரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: வீடுகளிலிருந்து வரும் நீர் அப்போது குறைந்துவிடும், மண்ணிலிருந்து கசிந்து உள்ளே வரும் நீர் குறையாது. கசிவு உப்புநீராக இருந்தால் இரவில் அளவு ஏறும்.

மூடியைத் திறந்து, காற்றோட்டத்துக்குக் காத்திருந்து, முதலில் வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்குவோம். நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாளி இறங்கும். ஆள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பதில் சமரசமே இல்லை, மேலே நின்றபடிதான் எல்லா வேலையும். வாளியில் வந்த நீரில் கருவியின் முனையை வைத்துவிட்டு எண் நிலைப்படும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். வரிசையாக ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த எண், ஓரிடத்தில் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே சட்டென்று இரு மடங்காயிற்று. கேமராவை உள்ளே அனுப்பியபோது பழைய குழாயின் இணைப்புகளில் தெளிந்த நீர் சுற்றிலும் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு, உவர்ப்பான நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தது. அந்தக் குழாய்க்குள் கசிவைத் தடுக்கும் உறை போட்டதில் நிலையத்துக்கு வரும் உப்பு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆர்.ஓ. பம்புகளுக்கு வேண்டிய அழுத்தமும் குறைந்தது.

ஆர்.ஓ. உப்பை ஒழிப்பதில்லை, ஒதுக்கத்தான் செய்கிறது. வழக்கமாக உள்ளே போவதில் 75 முதல் 85 சதவீதம் நல்ல நீராக வரும், மீதி அடர்ந்த உப்புநீர். அதை மறுபடி அதே சாக்கடையில் விட்டால் உப்பு சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். அது எங்கே போகும் என்று எழுத்தில் அனுமதி வாங்காமல் டெண்டர் விடாதீர்கள். கடலோர நகரங்களுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. உள்நாட்டு நகரங்களுக்கு இது உண்மையிலேயே கடினம். இன்னொன்று, 1,4 டையாக்ஸேன், என்.டி.எம்.ஏ. போன்ற, உடலுக்குக் கேடான, மின்சுமை இல்லாத சின்ன மூலக்கூறுகள் ஆர்.ஓ.வையும் ஓரளவு தாண்டிவிடும். எந்தத் தொழிற்சாலை எதைச் சாக்கடையில் விடுகிறது என்ற பட்டியல் கையில் இருப்பது அவசியம்.

நல்ல நீர் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் அதில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தாது நீங்கிய நீர் குழாயின் சிமெண்டுப் பூச்சைக் கரைக்கும்.

குழாய் இணைப்பில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஒரே கட்டடத்தில் குடிநீரும் மறுசுழற்சி நீரும் தனித்தனிக் குழாயில் ஓடும்போது, ஒரு பிளம்பர் ஒரே ஒரு இணைப்பை மாற்றிக் கொடுத்தால் போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரையொட்டிய லெய்ட்சே ரெயின் குடியிருப்பில் 2001இல் அப்படித்தான் நடந்தது. அரைகுறையாகச் சுத்திகரித்த ஆற்றுநீர் குடிநீர்க் குழாய்க்குள் போய் மக்கள் நோயுற்றார்கள். வீடுகளுக்கு இரட்டைக் குழாய் போடும் முயற்சியே அந்த நாட்டில் அதன்பின் கைவிடப்பட்டது.

மறுசுழற்சி நீர் என்று அடையாளம் காட்டும் ஊதா நிறக் குழாய், எச்சரிக்கைப் பலகை எல்லாம் தேவைதான். ஆனால் நான் நம்புவது சோதனையை. குடிநீரை முழுக்க அடைத்துவிட்டு, மறுசுழற்சி நீரை அழுத்தத்தில் வைத்து, எல்லாக் குடிநீர்க் குழாய்களையும் திறக்க வேண்டும். எல்லாமே வற்ற வேண்டும். பிறகு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு கட்டடத்தில் மேல்மாடி வாஷ் பேசின் மட்டும் வற்றாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதில் மின்கடத்துதிறன் மீட்டரை வைத்தோம். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதுப்பிப்பு வேலையின்போது யாரோ பக்கத்தில் ஓடிய குழாயிலிருந்து இழுத்திருக்கிறார்கள். அதைப் பிரித்து, மூடி, முழுச் சோதனையையும் மறுபடி செய்த பிறகுதான் இணைப்புக் கொடுத்தோம்.

மக்களைச் சந்திக்கும் கூட்டங்களைப் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு கலந்து கொடுத்து வருகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் டுவும்பாவில் இதுபோன்ற திட்டத்துக்கு 2006இல் வாக்கெடுப்பு நடத்தியபோது 60 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். எங்களுடையது குடிக்கும் நீரே அல்ல, ஆனாலும் கேள்விகள் வந்தன. ஒரு அம்மா எழுந்து, "மெஷின் கெட்டுப்போனா அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை எந்த நிபுணரும் கேட்கவில்லை.

பதிலை வாயால் சொல்லாமல் நிலையத்துக்கே அழைத்துப் போய்க் காட்டினோம். மீட்டரில் கலங்கல் வரம்பைத் தாண்டியதுபோல் சமிக்ஞை கொடுத்ததும் வெளிவால்வு தானே மூடிக்கொண்டது, நீர் திரும்ப உள்தொட்டிக்குப் போயிற்று. அந்தச் சோதனையை இப்போது வாரம்தோறும் செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தொழிற்சாலைகளும் அதே நீரின் மாதிரியைத் தங்கள் ஆய்வகத்தில் சோதிக்கின்றன. இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு தரப்பும் சேர்ந்து மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.