மூர்மூர் என்றால் அம்மாவின் அம்மா

சுவீடன் மொழியில் தாய் 'மூர்', தந்தை 'ஃபார்'; ஆகவே 'மூர்மூர்' தாயைப் பெற்ற பாட்டி என்பதும், 'ஃபார்மூர்' தந்தையைப் பெற்ற பாட்டி என்பதும் கேட்டவுடனேயே விளங்கிவிடுகின்றன. தாயின் சகோதரியைக் குறிக்கும் 'மூஸ்டர்' என்பது, தாய், சகோதரி என்னும் இரு சொற்கள் நாளடைவில் நாவில் தேய்ந்து ஒன்றான வடிவம். ஆனால் அக்காளுக்கும் தங்கைக்கும் அங்கே ஒரே சொல்தான்.

என்னை மிகவும் ஈர்த்தது ஐஸ்லாந்து மொழி. தந்தையும் மகனும் சேர்ந்து வந்தால் 'ஃபெத்கார்', தந்தையும் மகளும் என்றால் 'ஃபெத்கின்', தாயும் மகளும் 'மைத்குர்', தாயும் மகனும் 'மைத்கின்' என்று, இருவரையும் தனித்தனியே சுட்டாமல், அவர்களைப் பிணைக்கும் உறவையே ஒற்றைச் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். 'மைத்குர்' என்று சொல்லும்போதெல்லாம், கைகோத்து நடந்து வரும் ஒரு தாயும் மகளும் என் கண்முன் வந்து நிற்கிறார்கள்.