நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே சாலை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான தனிநபர் டைம் டிரையல் சைக்கிள் பந்தயம் (ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) மழையில் நனைந்த, பெரும்பாலும் சமதளமான 32.4 கிலோமீட்டர் சாலையில் நடந்தது. இத்தாலியின் ஃபிலிப்போ கன்னாவின் உயரம் 193 சென்டிமீட்டர். 2022இல் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தவர். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல் 171 சென்டிமீட்டர் மட்டுமே. தங்கம் எவனபோலுக்கு, ஏறத்தாழ 15 விநாடி பின்தங்கிய கன்னாவுக்கு வெள்ளி. உயரமானவர்களே சைக்கிளில் வேகமாகப் போவார்கள் என்று யாராவது அடித்துச் சொல்லும்போது எனக்கு இந்தப் பந்தயம்தான் நினைவுக்கு வரும்.

அதற்காக அந்த எண்ணத்தில் உண்மையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. உடலமைப்பு மாறாமல் உயரம் மட்டும் 10 சதவீதம் கூடுவதாக வைத்துக்கொண்டால், காற்றில் மோதும் பரப்பு 21 சதவீதமும் எடை 33 சதவீதமும் கூடும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு நம் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான் என்பதால், கூடுதல் எடை அங்கே பெரிய சுமையாகத் தெரிவதில்லை. பெரிய தசைகளும் பெரிய நுரையீரலும் தரும் கூடுதல் ஆற்றல் நெட்டையருக்குக் கை கொடுக்கிறது. ஆனால் காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், வேகத்தை 10 சதவீதம் கூட்ட 33 சதவீதம் அதிக ஆற்றல் வேண்டும். ஆகவே அந்த அனுகூலம் கடைசியில் சிறிதளவு வேகமாகத்தான் மிஞ்சும்.

மலை ஏறும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் ஆற்றல் என்பதே கேள்வி. 1998இல் ஜிரோ டி இத்தாலியா, டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் பந்தயங்கள் இரண்டையும் வென்ற மார்கோ பன்டானி 172 சென்டிமீட்டர் உயரமும் 57 கிலோ எடையும் கொண்டவர். மறுபுறம், 188 சென்டிமீட்டர் உயரமுள்ள மிகேல் இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூரை வென்றார். டைம் டிரையலில் சேர்த்த நேரத்தை மலைகளில் சிந்தாமல் காப்பதே அவருடைய வழி.

எவனபோலிடம் நான் கவனித்துப் பார்ப்பது அவர் உட்காரும் விதத்தைத்தான். முதுகு தரைக்கு இணையாகப் படிந்திருக்க, முன்கைகள் ஒட்டியிருக்க, தலை தோள்களுக்கிடையில் புதைந்து கிடக்கும். சென்டிமீட்டரில் அளக்கும் உயரம் பிறப்போடு வந்தது. காற்றுக்குக் காட்டும் பரப்பு பெருமளவுக்குப் பழக்கத்தில் வருவது. நெட்டையருக்கு இப்படிச் சுருங்குவது கடினம் என்பதால், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2023 முதல் 180, 190 சென்டிமீட்டர் என்று உயரவரம்பு வகுத்து, அதற்கேற்ப டைம் டிரையல் ஹேண்டில்பாரை முன்னால் நீட்டிக்கொள்ள அனுமதித்திருக்கிறது. நியாயமான விதி, தாமதமாக வந்தது.

நம்மைப் போன்ற சாதாரண ஓட்டிகளுக்கு உயரத்தைவிட ஃபிரேமின் அளவே முக்கியம். கடையில் இருப்பில் உள்ள ஃபிரேமையே தலையில் கட்டிவிட்டு, "சீட்டை ஏத்தி இறக்கினா சரியாயிடும் சார்" என்பார்கள். சீட் உயரத்திற்கு எளிய கணக்கு உண்டு. வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கிடையில் நன்றாக மேலேற்றிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளந்து, 0.883 ஆல் பெருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் வந்தால், கிராங்குகள் (பெடலைத் தாங்கும் கைகள்) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை 70.6 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்துச் சற்றே கூட்டிக் குறைக்கலாம்.

குட்டையானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் ஃபிரேம் சிறிதானாலும் சக்கரம் 700சி என்ற அதே வழக்கமான பெரிய அளவில்தான் இருக்கும். அதனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் ஷூ நுனியில் உரசக்கூடும். வாங்குவதற்கு முன் கடை வாசலிலேயே பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டிலை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். உரசினால் நீளம் குறைந்த 165 மில்லிமீட்டர் கிராங்க் கிடைக்குமா என்று கேட்கலாம்.