புழுவெட்டும் மூன்று புகைப்படங்களும்

ஒன்பதாம் வகுப்பில் முதல் சொட்டை விழுந்ததிலிருந்து நீட் எழுதி முடிக்கும் வரை, முடி திட்டுத்திட்டாகக் கொட்டும் புழுவெட்டோடுதான் படித்தேன். மருந்து, ஊசி பற்றி விசாரித்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பள்ளி அலுவலகத்திலும் தேர்வு மையத்து வாசலிலும் என்ன நடக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முடி கொட்டியதைவிட அந்த அலைச்சலில்தான் நான் அதிகம் அழுதிருக்கிறேன்.

காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுவழுவென்று இருந்ததை, சடை பின்னும்போது அம்மா பார்த்தார். அப்பத்தா விடுவாரா? சின்ன வெங்காயத்தைத் தட்டித் தேய்த்தார். அது கேட்கவில்லை என்றதும் ஆற்றுத்தும்மட்டிக் காயை அறுத்துத் தேய்க்க, தோல் வெந்து கொப்புளம் போட்டதுதான் மிச்சம். ஒன்றிரண்டு சின்னச் சொட்டைகள் என்றால் பல பேருக்குத் தானாகவே முளைத்துவிடும். அந்தப் பெருமையெல்லாம் வெங்காயத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்து எங்கள் ஊர் டாக்டர். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘படர்தாமரைதான்’ என்று ஒரு களிம்பை எழுதினார். மாதக்கணக்கில் பூசினோம், சொட்டை பெரிதானது. படர்தாமரை என்றால் பெரும்பாலும் அரிக்கும், செதில் உதிரும். புழுவெட்டில் தோல் மொழுமொழுவென்று இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும், சிலருக்கு நகத்தில் ஊசி குத்தினது போலக் குழிகள் விழும். என் நகத்தில் அது இருந்தது. சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மதுரைக்குப் போனபோதும் முதல் நாள் வீண். சாத்தூரிலிருந்து கிளம்பி மாட்டுத்தாவணியில் இறங்கி ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடிப்பதற்குள் ஓ.பி. சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மறுமுறை விடியற்காலை பஸ். அங்கிருந்த தோல் டாக்டர் அம்மாதான் முதன்முதலில் உட்காரவைத்து விளக்கினார். நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களே முடியின் வேரைத் தாக்குகின்றன, வேர் செத்துவிடுவதில்லை, அதனால் மறுபடி முளைக்க வாய்ப்பு உண்டு, தொற்றாது. தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள், நார்மல். அப்போதுதான், புழுவெட்டு இருந்த தன் மனைவியின் மொட்டைத் தலையைக் கிண்டல் செய்தவரை ஆஸ்கர் மேடையில் நடிகர் வில் ஸ்மித் அறைந்த விவகாரம் நடந்திருந்தது. ‘அந்த நடிகரின் மனைவிக்கு இருப்பது’ என்று நான் சொன்னாலே வகுப்பில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்த அறையால் எனக்கு இப்படி ஒரு லாபம்.

ஊசி என்றால் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. சொட்டை முழுக்க ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னதாகக் குத்துவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. வலிக்கும், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போகிற களிம்பை ஒரு மணி நேரம் முன்னாலேயே பூசினால் எவ்வளவோ பரவாயில்லை. அதை நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் லேசாகக் குழியலாம், நாளாக ஆகச் சரியாகிவிடும். போட்ட இடத்தில் எனக்கு முடி வந்தது. ஆனால் போடாத இடங்களில் புதிதாகக் கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் புருவமும் போனது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், முகம் ஊதியது.

திட்டுத்திட்டாக நின்ற முடியோடு பள்ளிக்குப் போக முடியாமல் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் முடியிறக்கினோம். இதை யாருக்கும் தாராளமாகச் சொல்வேன். நம் ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண்பிள்ளை நடந்தால் ‘எந்தக் கோயிலுக்கு முடியிறக்குன பாப்பா?’ என்று மட்டும்தான் கேட்பார்கள். சில மாதங்கள் நிம்மதி. முடி வளராமல் இருப்பது தெரிந்ததும் கேள்வி மாறியது. பஸ்ஸில் ஒரு அம்மா என் அம்மாவின் காதருகே குனிந்து, ‘கேன்சரா தாயி?’ என்று கேட்டார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பள்ளியில் இரட்டைச் சடை, ரிப்பன் என்று சட்டம். மொட்டைக்கு விதிவிலக்கு உண்டு, தலையில் துணி கட்டக் கூடாதாம். ‘மெடிக்கல் காரணம் என்றால் மாற்றுத்திறனாளி சான்று கொண்டு வாங்க’ என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னை விருதுநகருக்கு, முகாமுக்கு அழைத்துப் போனார். மதியம் வரை வரிசை. உள்ளே இருந்த டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, 2016 சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்கள் இருக்கின்றன, இது அந்தப் பட்டியலிலேயே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சான்று கேட்டவருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மையில் தேவைப்பட்டது தோல் டாக்டரின் கடிதம் மட்டும்தான். லெட்டர்பேடில் நோயின் பெயர், தொற்றாது என்ற வரி, தலையை மறைக்க துணியோ விக்கோ அணிய வேண்டியிருக்கிறது என்ற வரி, டாக்டரின் பதிவு எண், முத்திரை, தேதி. ‘தொற்றாது’ என்ற சொல் இல்லாமல் வாங்கி வராதீர்கள். ஜெராக்ஸ் செல்லாது என்பவர்கள் உண்டு, அதனால் முத்திரையோடு நாலைந்து அசல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியை மிஸ் அதைப் படித்துவிட்டு, ‘இதை முதல்லயே என்கிட்ட காட்டியிருக்கலாமே’ என்றார். அவரிடம் போகவிட்டால்தானே.

பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகை, கருவிழி, போட்டோ எல்லாம் புதுப்பிக்க வேண்டும் இல்லையா, எனக்கு அது சரியாக மொட்டைக் காலத்தில் வந்தது. தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றினால்தான் எடுப்பேன் என்று ஆபரேட்டர் பிடிவாதம். பின்னால் நின்ற கூட்டம் முழுக்கப் பார்க்கக் கழற்றினேன். மொட்டை, புருவம் இல்லை, அழுத கண். அந்த அட்டையை யாரிடமும் நீட்ட மாட்டேன் என்று வீட்டில் சத்தம் போட்டேன். பள்ளிப் பதிவேட்டிலோ எட்டாம் வகுப்பின் இரட்டைச் சடைப் படம்.

பிளஸ் டூவில் விக் வாங்கினோம். நைலான் மாதிரி இருக்கும் மலிவு விக்கைச் சித்திரை வெயிலில் போட்டால் தலை வெந்துவிடும். உண்மையான முடியில் செய்தது நன்றாக இருக்கும், ஆனால் விலை கேட்டால் மயக்கம் வரும். நம் கோயில்களில் இறக்கும் முடி ஏலத்தில் போய் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது, நமக்கு ஒரு நல்ல விக் எட்டாத விலை. கடைசியில் சித்தி பாதிப் பணம் கொடுத்தார். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டு அதன் மேல் வையுங்கள், வேர்வை வழியாது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை வேண்டாம். இந்த விக்கோடு எடுத்ததுதான் நீட் விண்ணப்பப் போட்டோ. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று முகம்.

2025 மே 4, நீட். ஹேர்பின் முதல் பெல்ட் வரை உலோகம் எதுவும் கூடாது என்பது தெரியும். விக்கின் உள்ளே இருந்த கிளிப்புகளை முந்தின வாரமே பிரித்துவிட்டு டேப் ஒட்டியிருந்தேன். வாசல் திறந்த உடனேயே போய் நின்றுவிட்டேன், ஒன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள். சோதனை செய்த பெண் விக்கைத் தொட்டதும் குரல் மாறிவிட்டது. 2021-ல் உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் தேர்வு எழுத வந்தவர் விக்குக்குள் கருவியை மறைத்து மாட்டிக்கொண்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது, அதனால் அவர் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. திரைக்குப் பின்னால் போய் நானே கழற்றிக் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், இன்னொருவரை அழைத்தார். ‘விண்ணப்பப் படத்தில் முடி இருக்கே, உனக்கு இல்லையே?’ என்றார் வந்தவர்.

டாக்டர் கடிதத்தைக் கொடுத்தேன். கூடவே ஆதாரை நீட்டினேன். மொட்டை, புருவமில்லாத முகம், அப்படியே நான். இரண்டு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ‘சரிம்மா, போ’ என்றார். கைரேகை முதல் தடவையிலேயே பொருந்தியது. விக்கை மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வெயிலில் யார் மாட்டுவது, வெளியே நின்ற அம்மாவிடம் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு உட்கார்ந்து எழுதினேன். இயற்பியல்தான் சொதப்பியது, அதற்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை.

தேர்வு முடிந்து டோஃபாசிடினிப் மாத்திரை தொடங்கினோம். இதே வகை மருந்துகளில் பாரிசிடினிப்புக்கு 2022-ல் பெரியவர்களுக்கும், ரிட்லசிடினிப்புக்கு 2023-ல் 12 வயது நிரம்பியவர்களுக்கும், கடுமையான புழுவெட்டுக்குத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனக்குப் புருவம் வந்துவிட்டது. தலையில் முதலில் வெள்ளையாக முளைத்து இப்போது கறுத்துக்கொண்டு வருகிறது. நிறுத்தினால் மறுபடி கொட்டலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் காசநோய், கல்லீரல், கொழுப்பு டெஸ்ட்டுகள் எடுக்காமல் யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.