எத்திக்ஸ் தாளைத் தொடுவதற்கு முன் உங்கள் அறம் எதுவென்று கண்டுபிடியுங்கள்

குடிமைப்பணித் தேர்வின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்து, தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்து முடித்து, இப்போதுதான் நிதானமாக உட்கார முடிகிறது. வாழ்த்து சொல்லக் கூப்பிட்டவர்களில் பலர் விருப்பப்பாடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்னைப் பட்டியலுக்குள் இழுத்து வந்தது ஜி.எஸ்.4, அதாவது பொது அறிவின் நான்காம் தாளான எத்திக்ஸ். போன முறை இரட்டை இலக்கத்தில் நின்ற தாள், இந்த முறை 120-ஐத் தாண்டியது. பாடத்திட்டம், ஏ பிரிவுக்கு 130, கேஸ் ஸ்டடிகள் வரும் பி பிரிவுக்கு 120 என்ற மதிப்பெண் பிரிப்பு, சொல் வரம்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாற்றம் ஒன்றே ஒன்றுதான். எந்தத் தத்துவ அறிஞரை மேற்கோள் காட்டலாம் என்று தேடுவதை நிறுத்தினேன். நான் ஏற்கெனவே எந்த அறத்தின்படி வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்று தேடினேன். மற்ற எல்லாக் குறிப்புகளையும் தூக்கிப் போட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நான் படித்த பயிற்சி மையத்தில் கேஸ் ஸ்டடிக்கு, அதாவது ஒரு சிக்கலான சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விக்கு, ஓர் அச்சு கொடுத்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் பட்டியல், நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் நன்மை தீமை, கடைசியில் கடமையே அறம் என்ற கான்ட் ஒரு வரி, விளையும் பயனே அறம் என்ற பெந்தம் ஒரு வரி, நீ பார்த்த மிக ஏழை மனிதனின் முகத்தை நினைத்துக்கொள் என்ற காந்தியின் தாயத்து. ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த அச்சு முடிவெடுத்துக் கொடுக்காது. கையெழுத்துப் போடச் சொல்லும் மேலதிகாரி, அணைக்காக ஊரைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்கள் என்று கேள்வி கழுத்தைப் பிடிக்கும்போது, அச்சில் வார்த்த பதில்கள் எல்லாம் "குழு அமைப்பேன், மேலிடத்துக்குத் தெரிவிப்பேன்" என்று ஒரே இடத்தில் போய் ஒதுங்கும். தாளில் மதிப்பெண் இருப்பது அதற்கு அடுத்த வாக்கியத்தில். அந்த வாக்கியத்தை எழுத, நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்முறையைச் சொல்கிறேன். ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே எடுத்த முடிவுகளை எழுதுங்கள். பெரிய முடிவுகள் வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் ஊரும் உறவும் சேர்ந்து சமைத்த காரணங்கள் இருக்கும். யோசிக்க நேரமில்லாமல் எடுத்த சின்ன முடிவுகளே உண்மை பேசும். எனக்கு வேலை செய்த மூன்றைத் தருகிறேன்.

முதலாவது, பேருந்தில் நடந்தது. நடத்துநர் மீதிச் சில்லறையில் நூறு ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுத்தேன். நேர்மை, கடமை, கான்ட் என்று உடனே எழுதிவிட்டேன். பிறகு அந்த நூறு ரூபாய் ஓர் இயந்திரத்திலிருந்து தவறி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு வேகமாகத் திரும்பி நடந்திருக்க மாட்டேன். அன்று என்னை நகர்த்தியது, ராத்திரி டிப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது அந்த மனிதர் தன் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு. விதி என் மனத்தில் வரவே இல்லை. அவர் முகம்தான் வந்தது.

இரண்டாவது, சம்பந்தம் விசாரிக்க வந்தவர்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க யோசித்து, பெண்ணின் தாய்மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். பையன் குடிப்பான். அம்மா, "நல்ல குடும்பம்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தெருமுனை வரை போய் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் நின்றது. இன்றுவரை அந்த வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. அதிகம் பேருக்கு அதிக நன்மை என்ற பயன்வாதக் கணக்குப் போட்டால் ஒரு தெருவின் நிம்மதி, இரண்டு குடும்பத்தின் உறவு எல்லாம் தட்டில் ஏறும். நான் கணக்கே போடவில்லை. பார்த்திராத அந்தப் பெண்தான் கண்ணுக்குள் நின்றாள்.

மூன்றாவது, கல்லூரியில் ப்ராக்ஸி. யாருக்கும் வருகை போட மறுப்பவள் என்று வகுப்பில் எனக்குப் பெயர். ஆனால் ஒரு தோழிக்கு மட்டும் போட்டேன். அவளுடைய அம்மா அரசு மருத்துவமனையில் டயாலிசிஸில் இருந்தார். அதைச் செய்தபோது எனக்குத் துளியும் உறுத்தவில்லை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். கடமைவாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவள், விதியைவிட எதிரில் இருக்கும் மனிதரை முன்னால் வைக்கும் அக்கறை அறத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

இதில் வித்தை, நூறு ரூபாய் இயந்திரத்திலிருந்து வந்திருந்தால் என்று கேட்டேனே, அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. நான் அதை விலை ஏற்றிப் பார்ப்பது என்று சொல்லிக்கொள்வேன். முடிவை எழுதியவுடன், சூழ்நிலையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். எங்கே உங்கள் முடிவு கவிழ்கிறது என்று பாருங்கள்.

– பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையை மாற்றும்போது கவிழ்ந்தால் நீங்கள் பெந்தம், மில் பக்கம்.
– எதை மாற்றினாலும் கவிழவில்லையா? கான்ட்.
– எதிரில் நிற்பவர் யார், எவ்வளவு நொந்திருக்கிறார் என்பது மாறும்போது கவிழ்ந்தால் அக்கறை அறம்.
– "இதைச் செய்தால் நான் என்ன மாதிரி ஆள் ஆவேன்" என்ற கேள்வியில் கவிழ்ந்தால் அரிஸ்டாட்டில்.
– யாருக்கும் தெரியாது என்று ஆனவுடன் கவிழ்ந்தால் அது அறமே இல்லை, பயம். பிளேட்டோ சொல்லும் கைகேஸின் மோதிரக் கதை இந்தச் சோதனைதான்: போட்டவன் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மோதிரம் கிடைத்தால் நீதிமான் நீதிமானாகவே இருப்பானா? வள்ளுவர் "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

இதைக் குழுவாக உட்கார்ந்து செய்யாதீர்கள். நான்கு பேர் இருந்தால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவோம். தனியாக, கையால், மெதுவாக எழுதுங்கள். தட்டச்சு செய்தால் அழித்து அழகுபடுத்தத் தோன்றும்.

இதற்குப் பிறகு கோட்பாடுகளைப் படித்தால் அவை வேறு விதமாக இறங்கும். கான்ட் 1797-இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலை செய்யத் துரத்தி வருபவன் "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா" என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உரிமை இல்லை என்பது அவருடைய வாதம். போன முறை இதை ஒரு தகவலாகப் படித்தேன். இந்த முறை படித்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற 292-ஆம் குறளைப் பக்கத்தில் வைத்தேன். அதே வள்ளுவர் 656-இல், பெற்றவள் பசித்திருப்பதைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்கிறார். ஒன்று விளைவைப் பார்க்கிறது, மற்றது விளைவைப் பார்க்கவே மறுக்கிறது. வள்ளுவரை ஒரு பெட்டிக்குள் அடைத்து எழுதுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அக்கறை அறத்தைப் பற்றி உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-இல் எழுதியதும் அப்படித்தான் எனக்குள் இறங்கியது. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கப் பணமில்லை, கணவன் திருடலாமா என்ற, ஒழுக்க வளர்ச்சியைப் படிப்படியாக அளந்த உளவியலாளர் கோல்பெர்கின் கேள்வியை ஜேக், ஏமி என்ற இரண்டு பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். பையன், உயிர் பணத்தைவிட மேல், திருடலாம் என்று கணக்குப் போல் சொல்கிறான். பெண், திருடிச் சிறைக்குப் போனால் மனைவியை யார் பார்ப்பார்கள், மருந்துக்காரரிடம் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். கோல்பெர்கின் அளவுகோலில் அவளுக்குக் கீழ்ப்படி. கில்லிகன், தவறு அளவுகோலில் என்றார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் அம்மா, என் தோழி, நான் எல்லாரும் அதில் இருந்தோம்.

ஆனால் இது ஆட்சிப்பணித் தேர்வு. அக்கறை அறம் என்று எழுதிவிட்டு நின்றால், வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டும் அதிகாரி என்று படிக்க இடம் கொடுத்துவிடுவோம். உங்கள் அறத்தைக் கண்டுபிடித்தவுடன் அது எங்கே அழுகும் என்றும் கண்டுபிடித்தாக வேண்டும். அக்கறை அழுகினால் பாரபட்சம். கடமை அழுகினால் கல்நெஞ்சம். பயன்வாதம் அழுகினால் சிறுபான்மையைப் பலி கொடுப்பது. சமூகத்தில் நாம் எந்த இடத்தில் இருப்போம் என்று தெரியாமலே விதிகளை வகுக்கச் சொல்லும் அறியாமைத் திரையோடு தத்துவ அறிஞர் ரால்ஸ் 1971-இல் வந்தது இந்த இடத்தில்தான்.

எனக்கான காப்பு குறளில் கிடைத்தது. செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள், 541, "ஓர்ந்துகண் ணோடாது" என்று தொடங்குகிறது. யாராக இருந்தாலும் தாட்சண்யம் பார்க்காதே என்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி கண்ணோட்டம், அதாவது இரக்கம், என்றே ஓர் அதிகாரம் வைத்து, 578-இல் "கருமஞ் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு" என்கிறார். கருமம் சிதையாமல் கண்ணோடுவது, அதாவது கடமை கெடாமல் இரக்கம் காட்டுவது. தேர்வு அறையில் ஆறு கேஸ் ஸ்டடிகளையும் இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் எழுதினேன். முதலில் கண்ணோட்டம் எதைச் செய்யச் சொல்கிறது, பிறகு எந்தக் கருமம் சிதையும், அதைச் சிதையாமல் காக்க எந்த விதி, எந்தப் பதிவேடு, யாருடைய கையெழுத்து. ஒவ்வொரு விடையிலும் ஒரு வாக்கியம் கட்டாயம் வைத்தேன்: "பின்வரும் நிலை ஏற்பட்டால் என் முடிவு மாறும்." கவிழும் இடத்தை நாமே சொல்லிவிடுவது.

நேர்முகத்திலும் இதுதான் காப்பாற்றியது. அப்பா கூட்டுறவுச் சங்க ரேஷன் கடையில் விற்பனையாளர், விண்ணப்பத்தில் இருந்தது. போர்டில் ஒருவர் கேட்டார்: "வயதான அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. அரிசி கொடுப்பீர்களா?" தமிழில்தான் பேசினேன், மொழிபெயர்ப்பாளர் வழியாக. கொடுப்பேன் என்றேன். கைரேகை விழாததற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மாற்று வழி விதியிலேயே உண்டு. கார்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிக் கொடுப்பேன் என்றேன். "உங்கள் சொந்தக்காரராக இருந்தால்?" அதே பதிவேடு, அதே கையொப்பம். "ஒரே கடையில் ஒரே மாதம் நாற்பது கார்டுக்கு இப்படி எழுதியிருந்தால்?" அங்கே என் முடிவு மாறும் என்றேன். ஒருவரை என் கண்ணால் பார்த்து நம்பலாம். நாற்பது பேரை அப்படி நம்பினால், அரிசி வெளியே போகாமல் காக்கத்தான் வைத்த பூட்டை நானே திறந்து வைத்தவளாவேன். வட்ட வழங்கல் அலுவலரை வீடு வீடாக அனுப்பிச் சரிபார்ப்பேன், உண்மையானவர்களுக்கு அந்த வாரமே அரிசி போய்ச் சேரவும் பார்ப்பேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதிலை நான் தயார் செய்து போகவில்லை. அப்பாவின் கடைவாசலில் வளர்ந்தவளுக்கு, நோட்டில் விலை ஏற்றிப் பார்த்துப் பழகியவளுக்கு, அது தானாக வந்தது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முழுக்கக் கான்ட், பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. எடைத்தட்டில் அரிசி ஒரு பிடி குறைந்தாலும் மறுபடி போடுவார், மழை நாளில் வரிசை தெரு வரை நின்றாலும் போடுவார். நான் அவர் மாதிரி என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். நோட்டில் பார்த்தால் அம்மா மாதிரி இருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது வரும். வந்ததை மாற்றி எழுதாதீர்கள்.

இனி நடைமுறை விஷயங்கள், வேகமாக:

நோட்டை பிரிலிம்ஸுக்கு முன்பே தொடங்குங்கள். மெயின்ஸுக்கு முந்தைய வாரங்களில் மனம் இதற்கு இடம் தராது.

காலையில் ஜி.எஸ்.3 எழுதிய கையோடு மதியம் இந்தத் தாள். கை வலி நிஜம். நான் பி பிரிவிலிருந்து தொடங்கினேன். கை ஓயும் முன் 120 மதிப்பெண்ணுக்கு முடிவெடுத்துவிட்டால் ஏ பிரிவின் வரையறைகளைச் சோர்வோடும் எழுதலாம்.

ஏ பிரிவில் உதாரணம் கேட்டால் நோட்டிலிருந்து எடுங்கள். நேர்மைக்கு நடத்துநரின் நூறு ரூபாயை எழுதினேன், ஆனால் ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்ற உண்மைக் காரணத்தோடு.

மேற்கோள் கேள்விகளில் அறிஞரோடு உடன்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் அறம் எந்த இடத்தில் அவரோடு முட்டுகிறது என்று ஒரு வரி எழுதினால் விடைக்கு உயிர் வரும்.

பொதுவாழ்வில் இருப்பவர்களுக்காகப் பிரிட்டனின் நோலன் குழு 1995-இல் தந்த ஏழு கொள்கைகள், ஆட்சியில் அறம் பற்றிய இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் நான்காவது அறிக்கை, இரண்டும் கட்டாயம். கருமம் சிதையாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதற்கான சரக்கு அவற்றில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்கள் குறளை அலங்காரத்துக்காக முதல் வரியில் வைக்காதீர்கள். முடிவெடுக்கும் வரிக்கு நேர் முன்னால் வையுங்கள், அதுவும் ஒரே ஒரு குறள்.

நோட்டைத் தொடங்கியவர்கள், எந்த முடிவு எங்கே கவிழ்ந்தது என்று எனக்கு எழுதுங்கள். பயிற்சிக்குப் போவதற்குள் வருகிற எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.