விறகும் கேஸும் ஒரே குசினியில்

குசினியைத் திருத்தப் போகிறோம் என்ற செய்தி பரவியதும் உறவினர்கள் ஆளுக்கொரு படம் அனுப்பத் தொடங்கினார்கள். எல்லாம் கொழும்பு மாடி வீட்டுக் குசினிகள். மினுங்கும் பென்ட்ரி அலுமாரி, கருங்கல் மேடை. விறகு வைக்க ஒரு முழ இடம்கூட இல்லை. எங்கள் மலைநாட்டு டிக்கோயாவில் ஆடி மாதம் துவைத்த துணியே காய மறுக்கும். மரத்தூளை அமுக்கிச் செய்த அந்தக் கதவுகள் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய காரியம். அலுமினியம் என்று அன்றே முடிவாயிற்று.

பேச்சு நீண்டது அடுப்பைப் பற்றித்தான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீடு. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. அதற்குள் புகையும் எதற்கு என்பது தம்பியின் கட்சி. அம்மா விடவில்லை. "2022 கேஸ் தட்டுப்பாட்டில் சிலிண்டர் வரிசையில் நின்றது நீதானே மகன்? அன்றைக்கு இந்த அடுப்புத்தானே சோறு போட்டது?" தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் மிலாறு, அதாவது வெட்டிய குச்சிகள், கட்டுக்கட்டாக வந்து சேரும், குளிருக்குக் கை காய்வதும் அடுப்பருகில்தான். நான் அம்மா பக்கம். ஆனால் விடியற்காலையில் அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

அதனால் இரண்டும் இருக்கட்டும், தள்ளித் தள்ளி இருக்கட்டும் என்று திட்டம் போட்டோம். வெளிச்சுவர் மூலையில் அனகி என்ற மண் அடுப்பு. ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை கொதிக்கும், விறகும் மிச்சம். அதற்குப் புகைபோக்கி கிடையாது என்பதால் மேலே செங்கல்லில் புகைக்கூடு. குழாய் கூரை முகட்டைவிட இரண்டடி உயர வேண்டும்; இல்லாவிட்டால் பள்ளத்தாக்குக் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளும். கேஸ் அடுப்பு எதிர்ச்சுவரில். 12.5 கிலோ சிலிண்டர் வெளியே, கம்பிக் கூட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஜன்னலை நம்பிப் பயனில்லை. கதவோரம் தரைமட்டத்தில் ஒரு காற்றுத் துவாரம் வரைபடத்தில் ஏறியது. எலி வராமல் அதற்கு வலை அடிக்க வேண்டும் என்றது அம்மா.

இடம் போதாது, பின்சுவரை நான்கடி தள்ளலாம் என்றான் தம்பி. பின்னால் இருப்பது வெட்டிய மண்மேடு. நுவரெலியா மாவட்டத்தில் அப்படிக் கட்டப் பிரதேச சபையின் அனுமதியோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். கடதாசி வேலைக்குப் பயந்து அல்ல, 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தைப் புதைத்த மண்சரிவை நினைத்தே அதைக் கைவிட்டோம். மேட்டின் அடியைக் குடைந்துவிட்டு அடைமழையில் யார் நித்திரை கொள்வது? அதற்குப் பதிலாக, கூரைப் பாரம் ஏறாத உள் அரைச்சுவரை எடுக்கிறோம். சிங்க் தண்ணீர் மண்ணில் ஊறாமல் குழாய் வழியே நேராகக் கானுக்குப் போகும்.

மேசன் பாஸின் கைவண்ணத்தை மேடை உயரத்தில்தான் பார்த்தேன். கடைகளில் 36 அங்குலம் என்பார்கள். அவர் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, ரொட்டிக்கு மா பிசைவதுபோலக் கையை மடக்கச் சொன்னார். முழங்கை நேரே ஒரு சோக் கோடு, நான்கு அங்குலம் கீழே இன்னொன்று. டேப்பை வைத்தால் 32. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. சிங்கின் விளிம்பு மட்டும் இரண்டு அங்குலம் உயரும். அதன் அடிவரை குனிந்து கழுவ வேண்டாமா?

இவருக்கு முன் வந்தவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். எத்தனை மூட்டை சீமெந்து என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. இவர் கூலியையும் சாமானையும் தனித்தனியாக எழுதித் தந்தார்; வேலையைக் கொடுக்க அதுவே காரணம். பொங்கல் முடிந்ததும் தொடங்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பாஸ்மார் ஊருக்குப் போனால் திரும்பும் நாளை அவர்களே அறிய மாட்டார்கள். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் பூச்சும் காயாது. அதுவரை சமையல் இஸ்தோப்பில்.

டைல்ஸ் மட்டும் முடிவாகவில்லை. தம்பிக்கு எங்கும் வெள்ளை வேண்டும். அடுப்படிக்குச் சிவப்புச் சீமெந்து போதும் என்கிறார் அம்மா.